ஒரு வாக்கியம், பல பாஷ்யங்கள்
(அமெரிக்க சரித்திரம் பற்றிய சர்ச்சைகள் குறித்து சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பை எழுதிக் கொடுத்தபோது நம் செயலாளர் கொஞ்சம் தயங்கினார். "ஸார், அமெரிக்க சரித்திரம் நம்ம மெம்பர்களுக்கு எதுக்கு?" என்று கேட்டார். "உங்கள் பேரன் எங்கே பிறந்தான்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். "நியூ ஜெர்ஸியில்" என்றார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. இந்த ஹாலில் கை தூக்கச் சொன்னால் பாதிக்கு மேற்பட்ட கைகள் உயரும். பிள்ளையோ, பெண்ணோ, மாப்பிள்ளையோ அங்கே இருக்கிறார்கள். நாமும் ஆறு மாத விசாவில் போய், குளிருக்கு முன் திரும்பி வருகிறோம். அந்த நாடு எந்த வார்த்தையின் மேல் கட்டப்பட்டது, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்ளும்போது, அது நம் வீட்டு விஷயமும் ஆகிவிடுகிறது. எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் சரித்திரப் பேராசிரியன் அல்ல. படித்தது பி.எஸ்ஸி. பௌதிகம். உத்தியோகம் பார்த்தது மத்திய சர்க்காரில் கணக்குத் தணிக்கை. யார் என்ன சொன்னாலும் வவுச்சர் எங்கே, தேதி என்ன என்று கேட்கும் வழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. அந்தக் கண்ணோடுதான் இந்த விஷயத்தையும் படித்தேன்.

1776 ஜூலை 4-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியா நகரில் 13 காலனிகளின் பிரதிநிதிகள் ஒரு பிரகடனத்தை ஏற்றார்கள். பிரிட்டிஷ் மன்னரிடமிருந்து விலகுவது என்ற தீர்மானம் அதற்கு இரண்டு நாள் முன்னதாக, ஜூலை 2-ஆம் தேதியே நிறைவேறிவிட்டது. நான்காம் தேதி ஏற்றது, அந்த முடிவுக்கான காரணங்களைச் சொல்லும் வாசகம். அதில் பெரும்பகுதி மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மேல் அடுக்கிய குற்றச்சாட்டுகள். இன்று அவற்றை யாரும் படிப்பதில்லை. உலகத்தின் நினைவில் நிற்பது முன்பகுதியில் வரும் ஒரு வாக்கியம்: மனிதர் எல்லோரும் சமமாகவே படைக்கப்பட்டிருக்கிறார்கள், உயிர், சுதந்திரம், சுகத்தைத் தேடும் உரிமை ஆகியவை அவர்களிடமிருந்து பறிக்க முடியாதவை, என்கிற கருத்து.

பிரஹ்ம ஸூத்ரம் ஒன்றுதான். சங்கரர் ஒரு பாஷ்யம் செய்தார், ராமானுஜர் ஒன்று, மத்வர் ஒன்று. மூன்று சித்தாந்தங்களும் அதே ஸூத்ரத்தை ஆதாரமாகக் காட்டுகின்றன. அமெரிக்காவின் 250 ஆண்டுச் சரித்திரத்தை அந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதப்பட்ட பாஷ்யங்களின் சண்டை என்றே சொல்லலாம். ஒரு வித்தியாசம்: இந்த பாஷ்யச் சண்டையில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் யுத்தத்தில் மாண்டார்கள்.

முதல் சிக்கல், எழுதியவரிடமே இருக்கிறது. நகலைத் தயாரித்தவர் வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்ஸன். வயது 33. தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். அதே ஜெஃபர்ஸன், தம் நகலில் அடிமை வியாபாரத்தைக் கடுமையாகக் கண்டித்து ஒரு பத்தி எழுதியிருந்தார். பழியை முழுவதும் மன்னர் தலையில் போட்டிருந்தார் என்பது வேறு விஷயம். காங்கிரஸ் அந்தப் பத்தியை அடித்துவிட்டது. தெற்கு கரோலினாவும் ஜார்ஜியாவும் ஆட்சேபித்தன, அடிமைகளைக் கப்பலில் ஏற்றிச் சம்பாதித்த வட மாகாணத்தார் சிலருக்கும் உறுத்தல் இருந்தது என்று ஜெஃபர்ஸனே குறித்து வைத்திருக்கிறார். ஃபைலில் நோட் எழுதி, மேலே போனதும் நல்ல பத்தி மட்டும் காணாமல் போகும் அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் நகல் ஃபைலில் தங்கிவிட்டது. இன்று அதை எல்லோரும் படிக்கலாம்.

இங்கே ஒரு பஞ்சாங்கக் கதை சொல்ல வேண்டும். மேரிலாந்தில் பெஞ்சமின் பானெக்கர் என்று ஒரு கறுப்பர் இருந்தார். அடிமை அல்ல, சுதந்திரப் பிரஜை. இரவல் வாங்கிய புத்தகங்களைக் கொண்டு தாமாகவே வானசாஸ்திரம் கற்று, 1792-ஆம் வருஷத்துக்கு சூரிய சந்திர கதிகளையும் கிரகணங்களையும் கணித்துப் பஞ்சாங்கம் தயாரித்தார். அதன் கையெழுத்துப் பிரதியை 1791 ஆகஸ்டில் ஜெஃபர்ஸனுக்கு அனுப்பினார். கூடவே ஒரு கடிதம். 1776-ல் நீங்கள் எழுதிய அந்த வாக்கியம் இருக்கிறதே, அதை எழுதிய கையாலேயே என் சகோதரர்களை அடிமைத்தளையில் வைத்திருக்கிறீர்களே, என்பது அதன் சாரம். அப்போது ஜெஃபர்ஸன் வெளியுறவு மந்திரி. பதினொரே நாளில் மரியாதையாகப் பதில் போட்டார். பஞ்சாங்கத்தைப் பாரிஸில் உள்ள விஞ்ஞான அகாடமியின் செயலாளர் கோந்தோர்செக்கு அனுப்புவதாகவும் எழுதினார். ஆனால் 1809-ல், பானெக்கர் இறந்த பின், ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் கணிதத்தில் வேறொருவர் உதவி இருந்திருக்கலாம் என்று சந்தேகத்தைக் கிளப்பினார். கிரகணம் கணித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சிபாரிசில் வருகிற விஷயமல்ல.

ஜெஃபர்ஸன் விஷயத்தில் விஞ்ஞானமும் பிறகு புகுந்தது. அவர் மனைவி காலமான பின், அவர் வீட்டு அடிமைப்பெண் சாலி ஹெமிங்ஸ் மூலம் அவருக்குக் குழந்தைகள் பிறந்தார்கள் என்று 1802-லேயே ஒரு பத்திரிகை எழுதியது. குடும்பத்தார் மறுத்தார்கள். அது அவருடைய சகோதரியின் பிள்ளைகள், கார் என்ற பெயர் கொண்ட மருமான்களின் வேலை என்றார்கள். பெரும்பாலான சரித்திர ஆசிரியர்களும் சுமார் 150 வருஷம் அதையே சொல்லி வந்தார்கள். 1998-ல் டி.என்.ஏ. பரிசோதனை நடந்தது. ஆண்களிடம் உள்ள ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு, ஏறக்குறைய மாறாமல், அப்படியே போகும். நம்மவர்களுக்கு இதைச் சொல்ல ஒரே வார்த்தை போதும்: கோத்திரம். ஜெஃபர்ஸனுக்கு மனைவி மூலம் பிழைத்த ஆண் வாரிசு இல்லை. ஆகவே அவருடைய சித்தப்பா பெரியப்பா வழியில் பங்காளிகளைத் தேடிப் பிடித்து ரத்தம் எடுத்தார்கள். சாலியின் கடைசிப் பிள்ளை எஸ்டனுடைய ஆண்வழிச் சந்ததியார் ஒருவரின் ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. சகோதரி பிள்ளைகளின் வழியோடு பொருந்தவில்லை. சகோதரியின் பிள்ளைகளுக்கு வேறு கோத்திரம் அல்லவா?

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். பரிசோதனை சொன்னது கோத்திரத்தை மட்டும்தான், நபரை அல்ல. அதே ஒய் குரோமோசோம் ஜெஃபர்ஸனின் தம்பி ராண்டால்ஃபுக்கும் உண்டு. கட்டுரையை வெளியிட்ட 'நேச்சர்' பத்திரிகை தலைப்பில் கொஞ்சம் அவசரப்பட்டது என்பது என் அபிப்பிராயம். ஆனால் தணிக்கைக்காரன் ஒரே வவுச்சரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. சாலிக்குக் குழந்தை பிறந்த ஒவ்வொரு முறையும், கணக்குப்படி கருத்தரித்திருக்க வேண்டிய காலத்தில் ஜெஃபர்ஸன் ஊரில் இருந்தார் என்பது அவர் தம் கைப்பட எழுதிய குறிப்புகளிலிருந்தே தெரிகிறது. சாலியின் இன்னொரு பிள்ளை மாடிஸன் ஹெமிங்ஸ் 1873-ல் ஓஹையோ பத்திரிகை ஒன்றில் தம் தகப்பனார் யார் என்று சொல்லியிருக்கிறார். எல்லாம் ஒரே பக்கம் காட்டுகின்றன. ஜெஃபர்ஸனின் மாளிகையைப் பராமரிக்கும் அறக்கட்டளையே 2000-ல் இதை ஏற்றுக்கொண்டது. இன்னமும் மறுக்கும் ஒரு கோஷ்டி இருக்கிறது. என்னைக் கேட்டால், அந்த மாடிஸன் சொன்னதை 1873-லேயே நம்பியிருந்தால் ரத்தப் பரிசோதனையே தேவைப்பட்டிருக்காது.

சரி, எழுதியவர் இப்படி. அதனால் எழுதிய வார்த்தை பொய்யாகிவிடுமா? அமெரிக்கர்கள் இன்றும் அடித்துக்கொள்ளும் கேள்வி இதுதான். இதற்கு முதலில் பதில் சொன்னது பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருந்த யாரும் அல்ல. மாஸசூஸெட்ஸில் பெட் என்ற எழுதப் படிக்கத் தெரியாத அடிமைப்பெண். 1780-ல் அந்த மாநிலம் தனக்கென ஒரு அரசியல் சட்டம் இயற்றியது. முக்கியமாக எழுதியவர் ஜான் ஆடம்ஸ். மனிதர் எல்லோரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று அதிலும் ஒரு ஷரத்து. பெரியவர்கள் பேசுவதைக் காதால் கேட்ட பெட், ஸெட்ஜ்விக் என்ற வக்கீலிடம் நேரே போய், நானும் மனுஷிதானே, இந்தச் சட்டம் எனக்கு விடுதலை தராதா என்று கேட்டாள். 1781-ல் வழக்கு நடந்தது. ஜூரிகள் அவளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொல்லி, 30 ஷில்லிங் நஷ்ட ஈடும் கொடுக்கச் சொன்னார்கள். அதன் பின் எலிஸபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டாள். 1790-ல் நாட்டின் முதல் ஜனத்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது மாஸசூஸெட்ஸில் அடிமைகள் என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதப்பட்டது. வார்த்தையை எழுதியவன் என்ன நினைத்தான் என்று அவள் கேட்கவில்லை. வார்த்தையில் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

ஆனால் நாடு முழுவதற்கும் 1787-ல் ஃபிலடெல்ஃபியாவில் எழுதிய அரசியல் சட்டம் வேறு மாதிரி. அதில் மூன்று இடங்களில் அடிமை முறைக்கு இடம் கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டு வருவதை 1808 வரை காங்கிரஸ் தடை செய்யக்கூடாது. ஓடிப்போன அடிமையைத் திருப்பித் தர வேண்டும். மூன்றாவது, ஐந்தில் மூன்று பங்குக் கணக்கு. இதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. கறுப்பரை ஐந்தில் மூன்று பங்கு மனிதன் என்று மதித்தார்கள் என்று பலர் சொல்கிறார்கள். முழுதாக எண்ண வேண்டும் என்று கேட்டவர்கள் அடிமை எஜமானர்கள்! ஏனென்றால் ஜனத்தொகைக்கு ஏற்ப பார்லிமெண்ட் சீட்டு. ஓட்டில்லாத அடிமைகளைக் காட்டி எஜமானனுக்குச் சீட்டு. அவர்களைச் சேர்க்கவே கூடாது என்றார்கள் வட மாகாணத்தார். பேரத்தில் ஐந்துக்கு மூன்று என்று முடிந்தது. 1800 தேர்தலில் ஜெஃபர்ஸன் ஆடம்ஸை 73-க்கு 65 என்று தோற்கடித்து ஜனாதிபதி ஆனார். இந்தக் கணக்கால் வந்த உபரி ஓட்டுகள் இல்லாவிட்டால் ஆடம்ஸ்தான் ஜெயித்திருப்பார் என்பது பல சரித்திர ஆசிரியர்களின் கணிப்பு. கணக்குத் துறைக்காரனுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இத்தனை இருந்தும், மூலச் சட்டத்தில் 'அடிமை' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. சுற்றி வளைத்து 'மற்ற நபர்கள்' என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல் சட்டத்தில் முதன்முதலாக வந்தது 1865-ல், அடிமை முறையை ஒழித்த 13-ஆவது திருத்தத்தில்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். வில்லியம் லாயிட் காரிஸன் என்பவர் அடிமை முறையின் பரம விரோதி. இந்த அரசியல் சட்டமே அடிமை எஜமானர்களோடு செய்த பாவ ஒப்பந்தம் என்று சொல்லி, 1854 ஜூலை 4-ஆம் தேதி பொதுக்கூட்டத்தில் அதன் பிரதியைக் கொளுத்தினார். மூன்றே வருஷம் கழித்து, 1857-ல், ட்ரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி டானி தீர்ப்பு எழுதினார். பிரகடனத்தில் உள்ள 'மனிதர் எல்லோரும்' என்பதில் கறுப்பர்கள் அடங்கமாட்டார்கள், எழுதியவர்கள் அவர்களை மனதில் நினைக்கவே இல்லை, ஆகவே அவர்கள் பிரஜைகள் ஆக முடியாது என்றார். ஒருவர் அடிமை முறையை ஒழிக்கப் பிறந்தவர், மற்றவர் அதற்கு வேலி போட்டவர். இருவரும் சட்டத்தைப் படித்த விதம் ஒன்றே!

எதிர்ப் பக்கத்தில் ஃப்ரெடரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, பெரிய பேச்சாளராக ஆனவர். முதலில் காரிஸனுடைய சிஷ்யர். 1851-ல் குருவின் கருத்தைக் கைவிட்டார். சட்டத்தின் வாசகத்தை உட்கார்ந்து படித்துப் பார்த்தால் அடிமை முறையைக் காக்கும் கட்டாயம் அதில் இல்லை, அதை விடுதலைக்கான கருவியாகவே உபயோகிக்கலாம் என்பது அவர் முடிவு. அதற்காக அவர் நாட்டைப் புகழ்ந்துகொண்டிருக்கவில்லை. 1852-ல் ராச்செஸ்டர் நகரில் சுதந்திர தினப் பேச்சுக்கு அழைத்தார்கள். இந்தப் பண்டிகை உங்களுடையது, என்னுடையது அல்ல என்று மூஞ்சிக்கு நேரே சொன்னார். சட்டத்தைப் பிடித்துக்கொண்டே சமூகத்தைச் சாடியவர்.

டானியின் தீர்ப்புக்கு நீதிபதி கர்டிஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தது. உணர்ச்சி இல்லை, ரெக்கார்டு மட்டும். புரட்சிக் காலத்தில் ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை இருந்தது, நியூ ஹாம்ப்ஷயர், மாஸசூஸெட்ஸ், நியூயார்க், நியூ ஜெர்ஸி, வடக்கு கரோலினா என்று பட்டியல் போட்டுக் காட்டினார். ஓட்டுப் போட்டவனைப் பிரஜை இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? ஆடிட் அப்ஜெக்‌ஷன் என்றால் அது. அந்த வருஷமே பதவியை ராஜினாமா செய்துவிட்டார்.

ஆபிரகாம் லிங்கன் அப்போது ஸ்ப்ரிங்ஃபீல்டில் வக்கீல். தீர்ப்பு வந்த சில மாதங்களில் பேசினார். நிறத்திலும் உயரத்திலும் புத்தியிலும் எல்லோரும் சமம் என்று அந்தப் பெரியவர்கள் சொல்லவில்லை, உரிமையில் சமம் என்றார்கள். அன்றே அதை நிறைவேற்ற அவர்களுக்குச் சக்தியும் இல்லை. எதிர்காலம் பார்த்து நடக்கட்டும் என்று ஒரு அளவுகோலை நட்டு வைத்தார்கள். முழுவதும் எட்டாவிட்டாலும் நெருங்கிக்கொண்டே போக வேண்டும், என்பது அவர் வாதம். காலேஜில் 'அசிம்டோட்' என்று படித்தோமே, வளைகோடு நெருங்கிக்கொண்டே போகும், தொடாது. அதேதான். லிங்கனையும் தெய்வமாக்க வேண்டியதில்லை. 1858-ல் ஓட்டுக் கேட்கும்போது, இரண்டு இனங்களுக்கும் சமூக, அரசியல் சமத்துவம் தரச் சொல்பவன் நான் அல்ல என்றும் பேசியிருக்கிறார். ஆனால் 1863 நவம்பரில் கெட்டிஸ்பர்க் யுத்தபூமியில் பேசியபோது, 87 வருஷங்களுக்கு முன் இந்த நாடு பிறந்தது என்று ஆரம்பித்தார். 1863-ல் 87 போனால் 1776. பிரகடனம் வந்த வருஷம். அரசியல் சட்டம் எழுதிய 1787-ஐ அவர் ஜன்ம வருஷமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே கழித்தல் கணக்கில் பாஷ்யம் முடிந்தது.

டானிக்கு இன்னொரு எதிரி அவர் பக்கத்திலேயே இருந்தார். பிரிந்து போன தென் மாநிலங்களின் உப ஜனாதிபதி அலெக்ஸாண்டர் ஸ்டீவன்ஸ் 1861 மார்ச்சில் சவானா நகரில் பேசினார். ஜெஃபர்ஸன் முதலானோர் எல்லா இனங்களும் சமம் என்ற எண்ணத்தில்தான் நாட்டை அமைத்தார்கள், அந்த எண்ணம் அடிப்படையிலேயே தவறு, எங்கள் அரசாங்கம் அதற்கு நேர் எதிரான கருத்தின் மேல் நிற்கிறது என்றார். டானி, அவர்கள் அப்படிச் சொல்லவில்லை என்றார். ஸ்டீவன்ஸ், சொன்னார்கள், ஆனால் தப்பு என்றார். யுத்தத்தில் தோற்ற பிறகு இதே ஸ்டீவன்ஸ் இரண்டு பாகங்களில் புத்தகம் எழுதி, சண்டை அடிமைகளுக்காக அல்ல, மாநில உரிமைக்காக என்றார். வவுச்சர் வேண்டுமானால், 1860 டிசம்பரில் தெற்கு கரோலினா பிரிந்து போனபோது வெளியிட்ட காரணப் பத்திரத்தைப் பாருங்கள். ஓடிப்போன அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தர மறுக்கின்றன என்பது அதில் முக்கியப் புகார். அதாவது மற்ற மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பிரயோகித்தது அவர்களுக்குப் பிடிக்கவில்லை!

ஆனாலும் தோற்றவர்களின் கதைதான் அடுத்த அறுபது எழுபது வருஷம் பாடப் புத்தகங்களில் ஓடியது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலேயே டன்னிங் என்ற பேராசிரியரும் அவர் மாணவர்களும், யுத்தத்துக்குப் பின் கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை கொடுத்ததுதான் பெரிய தவறு என்று எழுதினார்கள். 1935-ல் டு பாய்ஸ் என்ற கறுப்பினப் பேரறிஞர் ஒரு பெரிய புத்தகம் எழுதி இதை மறுத்தார். கடைசி அத்தியாயம் முழுக்கப் பாடப் புத்தகங்களின் ஓர வஞ்சனையைப் பற்றியது. அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1960-களுக்குப் பிறகு அவர் சொன்னதுதான் பாடம். லாலா லஜபதி ராய் முதல் உலக யுத்த சமயத்தில் அமெரிக்காவில் இருந்தபோது இந்த டு பாய்ஸுடன்தான் நட்பு பூண்டார்.

இதற்கிடையில் சார்லஸ் பியர்ட் என்பவர் 1913-ல் வேறொரு பக்கம் குண்டு போட்டார். அமெரிக்கக் கஜானா இலாகாவின் பழைய பேரேடுகளைத் தூசி தட்டி, அரசியல் சட்டத்தை எழுதிய பலர் கையில் அரசாங்கக் கடன் பத்திரங்கள் இருந்தன, வலுவான மத்திய அரசு வந்தால் அவற்றுக்கு முழு விலை கிடைக்கும், ஆகவே சுயலாபம் என்றார். என் ஜாதிக்காரர், அதாவது தணிக்கை ஜாதி! ஆனால் 1950-களில் ராபர்ட் பிரௌனும் ஃபாரஸ்ட் மெக்டொனால்டும் அதே கணக்கைத் திரும்பப் பார்த்தபோது, பத்திரம் வைத்திருந்தவர், இல்லாதவர் என்று ஓட்டு பிரியவில்லை என்று தெரிந்தது. ரீ-ஆடிட் எப்போதும் நல்லது.

நம் காலத்துக்கு வருவோம். 2019 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் '1619' என்ற தலைப்பில் ஒரு தொகுப்பு வெளியிட்டது. ஆப்பிரிக்க அடிமைகள் வர்ஜீனியாவில் முதலில் வந்து இறங்கிய வருஷம் அது. நாட்டின் கதையை 1776-ல் அல்ல, அங்கிருந்து சொல்ல வேண்டும் என்பது வாதம். அடிமை முறையைக் காப்பாற்றுவது சுதந்திரப் போருக்கு ஒரு பிரதான காரணம் என்றும் அதன் முதல் கட்டுரை சொன்னது. கார்டன் வுட், ஜேம்ஸ் மெக்ஃபர்ஸன் உள்ளிட்ட ஐந்து சரித்திர ஆசிரியர்கள் ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார்கள். 2020 மார்ச்சில் பத்திரிகை, காலனிவாசிகளில் 'சிலருக்கு' என்று திருத்தியது. என்னைப் பொறுத்தவரை தேதி முக்கியம். லெக்ஸிங்டனில் முதல் துப்பாக்கி வெடித்தது 1775 ஏப்ரல். எங்களிடம் ஓடி வரும் அடிமைகளுக்கு விடுதலை என்று வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் கவர்னர் டன்மோர் அறிவித்தது அதே வருஷம் நவம்பர். பின்னால் வந்தது முன்னால் நடந்ததற்குக் காரணம் ஆகாது. ஆனால் அந்த அறிவிப்பு தெற்கே பலரைப் பிரிவினைப் பக்கம் தள்ளியது என்பதும் நிஜம். 'சிலருக்கு' என்ற திருத்தம் அதனால் சரியான திருத்தம்.

இதற்குப் போட்டியாக ஜனாதிபதி ட்ரம்ப் '1776 கமிஷன்' அமைத்தார். 2021 ஜனவரி 18-ல் அறிக்கை வந்தது, 20-ஆம் தேதி பதவி ஏற்ற பைடன் அதே நாள் கமிஷனைக் கலைத்தார், 2025-ல் ட்ரம்ப் மறுபடி உயிர் கொடுத்தார். அமெரிக்க சரித்திரத்தில் தொழில்முறை ஆய்வாளர்களைக் கலக்காமலே அறிக்கை எழுதப்பட்டது என்று அந்த நாட்டு சரித்திர ஆசிரியர்களின் சங்கம் கண்டித்தது. மந்திரி மாறினால் சர்க்குலர் மாறும் என்பதை நாம் அறிவோம். சரித்திரத்துக்கும் சர்க்குலர் போடுகிற நிலை வந்திருப்பது வருத்தம்.

அது கிறிஸ்தவ நாடாகவே நிறுவப்பட்டது என்று சிலர் சொல்வதையும் நம் குழந்தைகள் அங்கே கேட்கிறார்கள். அரசியல் சட்டம் எந்தப் பதவிக்கும் மதப் பரீட்சை கூடாது என்கிறது. 'கடவுளை நம்புகிறோம்' என்பது அதிகாரபூர்வ வாசகமானது 1956-ல்தான். இதைவிட நமக்கு ருசியான செய்தி ஒன்று உண்டு. 1786-ல் வர்ஜீனியா நிறைவேற்றிய மத சுதந்திரச் சட்டத்தின் முகவுரையில் இயேசுவின் பெயரைச் சேர்க்கத் திருத்தம் கொண்டு வந்தார்கள், பெரும்பான்மை அதை நிராகரித்தது என்று ஜெஃபர்ஸன் தம் சுயசரிதக் குறிப்பில் எழுதுகிறார். சட்டத்தின் பாதுகாப்பு யாருக்கெல்லாம் என்று அவர் சொல்லும் வரிசையில் யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம்களோடு ஹிந்துவும் இருக்கிறார்! 1821-ல் எழுதியது. ஃப்ளஷிங்கிலும் பிட்ஸ்பர்கிலும் கோவில் கட்ட ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அனுமதி எழுதி வைத்துவிட்டார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆனால் ஹிந்து அங்கே பிரஜை ஆகலாமா என்பது தனிக் கேள்வி. 1790-ஆம் வருஷச் சட்டம், சுதந்திரமான வெள்ளையருக்கே பிரஜா உரிமை என்றது. பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திண்ட் என்ற சீக்கியர் முதல் உலக யுத்தத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேவை செய்தவர். அவர் வழக்கு 1923-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. நான் உயர்ஜாதி ஹிந்து, ஆரியன், ஆகவே வெள்ளையன் என்பது வாதம். கீழ் ஜாதியாரிடமிருந்து நாங்கள் எவ்வளவு விலகி இருக்கிறோம் பாருங்கள் என்றுகூட வக்கீல்கள் எழுதிக் கொடுத்தார்கள். இந்தச் சபையில் அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் ரெக்கார்டில் இருக்கிறது. மூன்று மாதம் முன்புதான் ஒரு ஜப்பானியர் வழக்கில், வெள்ளையர் என்றால் காகேசிய இனம் என்று அதே நீதிபதி ஸதர்லண்ட் எழுதியிருந்தார். இப்போது, இனநூல் என்ன சொன்னாலும் சரி, சாமானிய வெள்ளைக்காரன் உங்களை வெள்ளையன் என்று நினைக்கமாட்டான் என்று கையை விரித்தார். ஜாதி உதவவில்லை. ஏற்கெனவே பிரஜை ஆகியிருந்த இந்தியர்களின் உரிமையும் பறிபோனது. ஸான் ஃபிரான்ஸிஸ்கோ வியாபாரி வைஷ்ணோ தாஸ் பகாய் 1928-ல் தற்கொலை செய்துகொண்டார். 1946-ல்தான் இந்தியர்களுக்கு அந்த உரிமை சட்டமாயிற்று. அப்போதும் குடியேற வருஷத்துக்குச் சுமார் 100 பேர். 1965-ல் வந்த குடியேற்றச் சட்டம்தான் நம் பையன்களுக்குக் கதவைத் திறந்தது. முந்தைய வருஷம் கறுப்பர்களின் போராட்டத்தால் வந்த சிவில் உரிமைச் சட்டம் இல்லாவிட்டால் இது வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். நம் வீட்டு ஐ.ஐ.டி. பையனுக்காக அலபாமாவில் யாரோ அடி வாங்கினார்கள்.

கடைசியாக, ஆரம்பத்தில் சொல்வதாகச் சொன்ன விஷயம். டானியின் தீர்ப்பை ரத்து செய்வதற்காகவே 1868-ல் 14-ஆவது திருத்தம் வந்தது. அமெரிக்காவில் பிறந்து, அதன் அதிகாரத்துக்கு உட்பட்ட எவரும் பிரஜை என்பது அதன் கருத்து. ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க் என்ற சமையல்காரரை 1895-ல் சீனாவிலிருந்து திரும்பியபோது கப்பலை விட்டு இறங்க விடவில்லை. வழக்கு போட்டார். 1898-ல் 6-க்கு 2 என்று ஜெயித்தார். இரண்டு எதிர் ஓட்டில் ஒன்று, கறுப்பர்களுக்காகத் தனி ஆளாக நின்று புகழ்பெற்ற நீதிபதி ஹார்லனுடையது. மனிதர்கள் அவ்வளவு சுலபமாகப் பெட்டியில் அடங்குவதில்லை.

2025 ஜனவரி 20-ஆம் தேதி ஜனாதிபதி ட்ரம்ப் ஒரு உத்தரவில் கையெழுத்திட்டார். தாயார் தாற்காலிக விசாவில் இருந்து, தகப்பனார் பிரஜையாகவோ கிரீன் கார்டு பெற்றவராகவோ இல்லாவிட்டால், அங்கே பிறக்கும் குழந்தைக்குப் பிரஜா உரிமை இல்லை என்றது அது. ஹெச்-1பி விசாவில் இருந்துகொண்டு கிரீன் கார்டுக்கு வருஷக்கணக்காகக் காத்திருக்கும் நம் பெண்களும் மாட்டுப்பெண்களும் இதில்தான் வருகிறார்கள். பல கோர்ட்டுகள் உத்தரவைத் தடுத்தன, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 'அதிகாரத்துக்கு உட்பட்ட' என்ற சொற்றொடருக்கு 1866-ல் எழுதியவர்கள் என்ன அர்த்தம் நினைத்தார்கள் என்பதுதான் விவாதம். மறுபடியும் பாஷ்யம்.

அந்த 1866-ஆம் வருஷ செனட் விவாதக் குறிப்பேடு அச்சில் இருக்கிறது. அந்த வருஷத்து சிவில் உரிமைச் சட்டத்தில் இதே பிரஜா உரிமைப் பேச்சு வந்தபோது, பென்ஸில்வேனியா செனட்டர் கவன் எழுந்து, அப்படியானால் இந்த நாட்டில் பிறக்கும் சீனர், ஜிப்ஸி குழந்தைகளும் பிரஜைகள் ஆகிவிடுவார்களா என்று ஆட்சேபமாகக் கேட்டார். மசோதாவைக் கொண்டு வந்த டிரம்புல் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: சந்தேகமில்லாமல்.